கண்டுபிடித்தவர் யார்?

சென்ற பருவத்தில் நம் மன்றம் நடத்திய வினாடி வினாவில் ஒரு கேள்வி கேட்டார்கள். "கோலார் தங்கத்தைக் கண்டுபிடித்தவர் யார்?" நான் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவன். கேள்வி முடியுமுன்பே எழுந்து, "லவேல்!" என்று கூவினேன். கைதட்டினார்கள். ஒரு பேனாவும் பரிசாகக் கொடுத்தார்கள்.

விடுமுறை வந்தது. மாரிகுப்பம் ரயிலேறி ஊருக்குப் போனேன். முதல் வேலையாகப் பேனாவைத் தாத்தாவிடம் காட்டிக் கதையைச் சொன்னேன். தாத்தா ஏறக்குறைய முப்பது ஆண்டுக் காலம் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறியவர். பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, அந்தத் தொரை வர்ற வரைக்கும் ஊர்க்காரன் கண்ணக் கட்டிக்கிட்டா இருந்தான்?" என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. பேனாவை என்னிடம் நீட்டிவிட்டுப் பீடியைத் தேடப் போய்விட்டார்.

நண்பர்களே! அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்று பதில் இல்லை. கல்லூரிக்குத் திரும்பியதும் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். படித்ததையும், படித்தபின் எனக்குத் தோன்றியதையும் இங்கே சொல்கிறேன்.

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தார். மைசூரின் எல்லைகளை அளந்து வகுக்கும் வேலை தொடங்கியது. அந்த வேலையில் இருந்தவர்களுள் ஒருவர் லெப்டினன்ட் ஜான் வாரன். பிறப்பால் பிரெஞ்சுக்காரர், ஆங்கிலப் படையில் 33-ஆம் பிரிவைச் சேர்ந்தவர். நம் வட ஆர்க்காட்டுக்கு வடமேற்கே, கணவாய் ஏறிப் போனால் வரும் அந்த மேட்டு நிலம் அந்நாளில் முட்புதரும் பாறையுமாகக் கிடந்தது. அங்கே அளவைக் கோலும் கையுமாகத் திரிந்த வாரனின் காதில் ஒரு செய்தி விழுந்தது. அந்த மண்ணில் பொன் இருக்கிறதாம்! ஆண்டு 1802.

வாரன் என்ன செய்தார்? பொன்னைக் காட்டுவோருக்கு வெகுமதி உண்டு என்று அறிவித்தார். சில நாளில் உரிகம் கிராமத்து மக்கள் மாட்டு வண்டிகளில் மண்ணை ஏற்றிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றார்கள். அவர் கண்ணெதிரிலேயே மண்ணைத் தண்ணீரில் அலசினார்கள். அடியில் பொற்பொடி மின்னியது. அவர் கணக்குப் போட்டார். ஏறக்குறைய 56 கிலோ மண்ணை அலசினால் ஒரு கிரெயின் பொன். அதாவது, ஒரு கிராமில் பதினைந்தில் ஒரு பங்கு! அந்தத் துளிக்காக எத்தனை தலைமுறை அந்த மண்ணை அலசியிருக்கும்!

பிறகு அவர் மாரிகுப்பத்துக்குப் போனார். அங்கே முன்னமே குழிகள் இருந்தன. முப்பது அடியும் அதற்கு மேலும் ஆழம். சாதியால் ஒதுக்கப்பட்ட மக்கள் அவற்றுள் இறங்கிக் கல்லை உடைத்தார்கள். கூடை கைமாறிக் கைமாறி மேலே வந்தது. பெண்கள் கல்லை இடித்துப் பொடியாக்கினார்கள். பொடியை அலசினார்கள். பொன் எடுத்தார்கள். ஆள் இறங்குவதும், கல் ஏறுவதும், இடிப்பதும், அலசுவதும் ஆகிய இந்த நான்கும்தானே சுரங்கத் தொழில்? பின்னால் வந்த கம்பெனிகள் இதற்கு நீராவியும் மின்சாரமும் சயனைடும் சேர்த்தன. அடிப்படை முறை மாரிகுப்பத்துக் குழிகளிலேயே இருந்தது.

அந்த மக்களின் சாதி நமக்கு வந்து சேர்ந்த வரலாற்றில் இருக்கிறது. ஒருவர் பெயரும் இல்லை.

இனி லவேலின் கதை. மைக்கேல் பிட்ஜெரால்டு லவேல் ஓர் ஐரிஷ்காரர். நியூசிலாந்தில் மாவோரி மக்களோடு நடந்த போரில் இருந்தவர். அந்நாட்டில் தங்கம் தோண்டுவதைப் பார்த்தவர். ஓய்வு பெற்றுப் பெங்களூரில் குடியேறினார். 1804-ஆம் ஆண்டின் பழைய ஏடு ஒன்றில் வாரனின் செய்தி நான்கே பக்கத்தில் வந்திருந்தது. அது அவர் கண்ணில் பட்டது. 1871-இல் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு அறுபது மைல் பயணம் செய்து கோலார்ப் பக்கம் வந்தார். தேடினார். 1873-இல் மைசூர் அரசுக்கு விண்ணப்பம் எழுதினார். 1875-இல் இருபது ஆண்டுக் குத்தகை அவர் கைக்கு வந்தது. முதல் போதவில்லை. சில ஆண்டுகளிலேயே உரிமை வேறு கைகளுக்குப் போயிற்று. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தார்கள். மீதிக் கதை நீங்கள் அறிந்ததே.

இவற்றையெல்லாம் படித்தபின் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. அறிந்தவர் ஒருவர். எழுதியவர் மற்றொருவர். உரிமைச் சீட்டு வாங்கியவர் இன்னொருவர். தோண்டியவர் வேறொருவர். இந்த நால்வருக்கும் சேர்த்து நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம்: 'கண்டுபிடித்தார்'. அந்தச் சொல்லைச் சீட்டு வாங்கியவர் தலையில் கிரீடமாகச் சூட்டிவிட்டு மற்ற மூவரையும் மறந்துவிடுகிறோம்.

"அந்தக் காலத்தில் அப்படித்தான் எழுதுவார்கள், குறை சொல்லி என்ன பயன்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அந்தக் காலத்திலேயே வேறு விதமாக எழுதியவர்களும் இருந்தார்களே!

உலகத்தின் வடகோடிக்குப் போவோம். கனடாவின் பனிக்காட்டில், வடக்கே செம்பு கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு, ஹட்சன் விரிகுடாக் கம்பெனி சாமுவேல் ஹெர்ன் என்ற இளைஞரை அனுப்பியது. இரண்டு முறை புறப்பட்டார். இரண்டு முறையும் தோற்றுத் திரும்பினார். மூன்றாம் முறை அவரை அழைத்துப் போனவர் மாத்தோனாபி. அவர் சிப்பவையன் மக்களின் தலைவர். முந்திய பயணங்கள் ஏன் தோற்றன என்பதற்கு மாத்தோனாபி காரணம் சொன்னார்: வழிகாட்டிகள் சரியில்லை; சுமை இழுக்கவும் உடை தைக்கவும் பெண்களை உடன் அழைத்துப் போகவில்லை. 1771-இல் ஹெர்ன் வட கடலைத் தொட்டார். செம்புக்காக மணிக்கணக்கில் தேடியும் கிடைத்தது நாலு பவுண்டுக் கட்டி ஒன்றுதான். ஆனால் திரும்பி வந்து எழுதிய நூலில் மாத்தோனாபியின் பெயரை மறைக்கவில்லை. அவர் யார், எப்படிப்பட்டவர், என்ன சொன்னார் என்று எழுதினார். அதனால்தான் இரு நூற்றாண்டு கழிந்தும் அந்தப் பெயர் நம் மன்றத்து ஏட்டில் வருகிறது.

இதற்கு மாறான ஒன்று நம் மைசூர் நாட்டிலேயே நடந்தது. திப்பு வீழ்ந்தபின் மைசூருக்கு வந்த பிரெஞ்சுப் பாதிரியார் அபே துபுவா. நம்மவர் போல் உடுத்து, நம்மவர் போல் உண்டு, ஊர் ஊராகத் திரிந்தவர். அம்மை குத்தும் பணியிலும் ஈடுபட்டு ஆயிரக்கணக்கான உயிர்களைக் காத்தவர். அந்தத் தொண்டுக்கு நாம் தலை வணங்க வேண்டும். இந்துக்களின் பழக்க வழக்கங்களைப் பற்றி அவர் எழுதிக் கொடுத்த கையெழுத்துப் படியைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1807-இல் 2000 வராகனுக்கு வாங்கியது. ஐரோப்பா முழுவதும் அந்நூலைப் படித்தது. 1987-இல் சில்வியா முர் என்ற ஆராய்ச்சியாளர் ஓர் உண்மையை வெளியிட்டார். அந்நூலின் பெரும்பகுதி, முந்திய தலைமுறையில் புதுச்சேரியில் இருந்த கேர்தூ பாதிரியார் எழுதி வைத்ததிலிருந்து எடுத்தது! ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரின் உழைப்பே இப்படி மறைந்துபோகும் என்றால், மாரிகுப்பத்தில் கல் இடித்த பெண்ணின் பெயர் எங்கே மிஞ்சும்?

இனி நான் சொல்லப்போவது எனக்கே வியப்பாக இருந்தது. மீண்டும் அதே ஜான் வாரன்! பொன்னை விட்டபின் அவர் வானத்தைப் பிடித்தார். சென்னை வானியல் ஆய்வுக் கூடத்தைச் சில ஆண்டுகள் கவனித்தார். நம் பஞ்சாங்கக் கணிதத்தை ஆராய்ந்து 'காலசங்கலிதம்' என்ற பெரிய நூலை 1825-இல் வெளியிட்டார். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் தமிழர் ஒருவரை அவர் சந்தித்தார். அந்தத் தமிழரிடம் காகிதமும் இல்லை, எழுதுகோலும் இல்லை. தரையில் சோழிகளை வைத்து நகர்த்தி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு, 1825 மே 31-ஆம் நாள் இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கம் நான்கே நிமிடம் பிசகியது. நடுவும் முடிவும் அதைவிடப் பல மடங்கு கூடுதலாகப் பிசகின. வாரன் அவர் பெயரைத் தம் காதில் விழுந்தபடி எழுதி வைத்தார். சாமிநாதன் சேஷய்யா என்று நாம் அதைப் படிக்கலாம். ஆங்கில எழுத்தில் அந்தப் பெயர் சற்றுச் சிதைந்துதான் கிடக்கிறது. இருந்தாலும் கிடக்கிறது! பின்னாளில் வானியல் வரலாறு எழுதிய மேனாட்டு அறிஞர்கள் அந்தச் சோழிக் கணக்கை எடுத்துப் பேசினார்கள்.

சோழி வைத்துக் கணித்தவருக்குப் பெயர் கிடைத்தது. மண் அலசிக் காட்டியவருக்குக் கிடைக்கவில்லை. இருவரிடமும் பாடம் கேட்டவர் ஒரே வாரன்தான். அறிவு எந்தச் சாதியின் வீட்டில் இருந்தது என்பதைப் பொறுத்துப் பெயர் எழுதப்பட்டதோ என்று ஐயுறுகிறேன். இந்த ஐயம் வாரனை மட்டும் பற்றியதா? நம்மையும் பற்றியதல்லவா?

தங்கவயல் மக்கள் வாய் மூடிக் கிடக்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கம் சென்னையிலிருந்து ரயிலேறி மாரிகுப்பத்துக்கு வந்தது. அந்தப் பயணத்தையும் நான் சமயத் தொண்டர் பயணம் என்றே சொல்வேன். 1907-இல் அவர் தொடங்கிய 'தமிழன்' ஏட்டைச் சுரங்கத் தொழிலாளர் படித்தார்கள், அதற்கு எழுதினார்கள். அவர் மறைந்தபின், 1926-இல் அந்த ஏடு அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. 1930-இல் தொழிலாளரின் கைரேகையைப் பதிக்க முற்பட்டபோது 21 நாள் வேலையை நிறுத்தினார்கள். தங்களை வெறும் கைரேகையாக்க வந்த ஏற்பாட்டுக்கு அந்த மக்கள் கொடுத்த பதில் அது.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறேன். உரிகத்தில் மண் அலசியவர் தமிழர் என்று மார்தட்ட நான் வரவில்லை. அது தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து பேசும் எல்லை நிலம். அவர்கள் எந்த மொழி பேசினால் என்ன? லவேலிடமிருந்து கிரீடத்தைப் பறித்து நம் தலையில் வைத்துக்கொள்வது என் நோக்கமன்று. லவேலின் துணிவையும் வாரனின் பொறுமையையும் நான் மதிக்கிறேன். வாரன் எழுதாமல் விட்டிருந்தால் மாரிகுப்பத்துக் குழிகள் இருந்ததே நமக்குத் தெரிந்திராது. அவரவர் செய்ததற்கு அவரவர் பெயரை எழுத வேண்டும் என்பதே என் கட்சி.

அடுத்த விடுமுறையில் பரிசுப் பேனாவையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு தாத்தாவின் எதிரில் உட்கார்ந்தேன். "சொல்லுங்க தாத்தா, எழுதிக்கிறேன்" என்றேன். குடியாத்தத்துப் பக்கமிருந்து முதன்முதலில் தங்கவயலுக்கு வந்த அவருடைய தாத்தாவின் பெயரைச் சொன்னார். எழுதினேன். எந்தச் சுரங்கம், எந்த லைன் வீடு, எல்லாம் சொன்னார். எழுதினேன். "அவரோட சம்சாரம் பேரு?" என்றேன். தாத்தா யோசித்தார். நெடுநேரம் யோசித்தார். "ஆயா, ஆயான்னுதாம்ப்பா கூப்பிடுவோம்..." என்றார். அந்த ஆயாவும் பொழுதெல்லாம் கல் பொறுக்கியவராம். பெயர் போய்விட்டது. வாரன்மீது நான் சுமத்திய குற்றம் என் வீட்டிலேயே இருந்தது.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டது. உள்ளே இறங்கிய கடைசித் தலைமுறை இப்போது நரைத்துக்கொண்டிருக்கிறது. அவர்களின் பிள்ளைகள் விடியுமுன் பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓடுகிறார்கள். உட்கார்ந்து கேட்க யாருக்கும் நேரமில்லை. இன்னும் இருபது ஆண்டு கழித்துக் கேட்க நினைத்தால், சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள்.

ஆகையால் மன்றத்தாரிடம் இரண்டு வேண்டுகோள். முதலாவது, அந்த வினாடி வினாக் கேள்வியை மாற்றுங்கள். "கோலார் தங்கத்தைப் பற்றி வாரனுக்குக் காட்டியவர்கள் எந்த ஊரார்?" என்று கேளுங்கள். இரண்டாவது, நம் ஏட்டில் இதழுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தங்கவயல் மட்டும் வேண்டாம். தேயிலைத் தோட்டம், உப்பளம், துறைமுகம், ரயில் பாதை என்று உங்கள் பாட்டனும் பாட்டியும் எங்கே உழைத்தார்களோ, அந்த இடம், அந்த ஆண்டு, அந்த வேலை, அந்தப் பெயர். பாட்டியின் பெயரை முதலில் கேளுங்கள். அதுதான் முதலில் மறந்து போகிறது.

முதல் பக்கத்துக்கு வேண்டியதை நான் எழுதி வைத்திருக்கிறேன். அதில் ஓர் இடம் மட்டும் காலியாக இருக்கிறது.