ஃபார்மட் அடிப்பது சர்வீஸ் அல்ல!

அரக்கோணத்தில் எலக்ட்ரிக் லோகோ ஷெட் இருக்கிறது. இன்ஜின் நடுவழியில் நிற்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கே யாரும் காத்திருப்பதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினையே நாள் கணக்கு வைத்து உள்ளே கொண்டுவந்து, திறந்து பார்த்து, மாற்ற வேண்டியதை மாற்றி அனுப்புகிறார்கள். மின்வாரியமும் அப்படித்தான். மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் அறிவித்துவிட்டு காலையில் கரண்டை நிறுத்துகிறது. ஊரும் முணுமுணுத்துக்கொண்டே முந்தின நாள் ராத்திரி டேங்கில் தண்ணீர் ஏற்றி வைக்கிறது.

அதே ஊரில் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மட்டும் இந்த நியாயம் கிடையாது. வாங்கிய நாள் மஞ்சள் குங்குமம் வைத்ததோடு சரி. பிறகு அது ஸ்லோ ஆகும் வரை யாரும் கண்டுகொள்வதில்லை. ஸ்லோ ஆனதும் கடைக்குப் போகும். கடைக்காரர் இரண்டு தட்டு தட்டிப் பார்ப்பார். "ஃபார்மட் பண்ணிடலாம் சார், புதுசு மாதிரி ஆயிடும்." தலைவலி என்று போனவனிடம் தலையை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்பது மாதிரிதான் இது!

ஏன் ஸ்லோ ஆனது என்று யாரும் கேட்பதில்லை. ஃபேனில் தூசி அடைத்துச் சூடாகியிருக்கலாம். சி டிரைவ் நிரம்பியிருக்கலாம். ஹார்ட் டிஸ்க் சாகப்போவதற்கு முன்னறிவிப்பாகவும் இருக்கலாம். அந்த டிஸ்க்கை ஃபார்மட் அடித்தாலும் அது சாகத்தான் போகிறது. காரணத்தைத் தேட ஒரு மணி நேரம் ஆகும், அதற்கு யாரும் காசு தரமாட்டார்கள். ஃபார்மட்டுக்குத் தருவார்கள். ஆக, தப்பு கடைக்காரர் மேல் மட்டுமில்லை. காசு கொடுத்து அதைக் கேட்டு வாங்குகிறவர் மேலும்தான்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. கிராக் செய்த விண்டோஸைப் போட்டுவிட்டு, "அப்டேட் ஆஃப் பண்ணிட்டேன் சார், ஆன் பண்ணிடாதீங்க" என்று அறிவுரை சொல்லி அனுப்புவது. கிராக் வேலை செய்ய முதலில் ஆண்டிவைரஸை நிறுத்தச் சொல்கிறது. அதாவது, திருடன் வருவதற்கு வசதியாக வாட்ச்மேனுக்கு லீவு கொடுத்தாயிற்று. வாசல் பூட்டையும் கழற்றியாயிற்று.

"எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல திருட என்ன இருக்கு?"

அடுத்த வாதம் இதுதான். 2017-ல் நடந்ததைப் பார்த்தால் போதும். அந்த ஆண்டு மார்ச் 14 அன்று விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அப்டேட் வெளியிட்டது. மே 12 அன்று அதே ஓட்டை வழியாக வான்னாக்ரை கிளம்பியது. நடுவில் முழுசாக 59 நாள் இருந்தது. அப்டேட் போட்டவர்களின் விண்டோஸில் அந்த ஓட்டை அடைபட்டுவிட்டது. போடாதவர்களின் ஃபைல்கள் பூட்டப்பட்டு, 300 டாலர் கேட்டு ஒரு சிவப்புத் திரை வந்தது. 150-க்கும் மேற்பட்ட நாடுகள், 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்கள். அரக்கோணத்துக்கு அடுத்த எல்லையான ஆந்திராவில் போலீஸ் கம்ப்யூட்டர்களே மாட்டின. யாரும் தப்பான லிங்கை அழுத்தக்கூடத் தேவையிருக்கவில்லை. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தானே தாவியது. பூட்டாத கதவுதான் அதற்குத் தேவை, யார் வீடு என்பது தேவையில்லை.

திருட என்ன இருக்கிறது என்பதற்கும் பதில் உண்டு. ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் கம்பெனிகளுக்கு ஜாப் வொர்க் செய்யும் சின்ன யூனிட்களை எடுத்துக்கொள்ளுங்கள். பலருக்கு ஆபீஸ் என்பது வீட்டு முன்னறை. பையன் கேம் ஆடும் அதே கம்ப்யூட்டரில்தான் டேலி, பில், சம்பளக் கணக்கு எல்லாம். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும் என்று சட்டமும் கூடவே வந்தது. ஆறு வருடக் கணக்கை வைத்திருக்க வேண்டியவர், பேக்கப் இல்லாத ஒரே ஹார்ட் டிஸ்க்கை நம்பிக்கொண்டிருக்கிறார். அது போனால் கணக்கும் போச்சு, இன்புட் டாக்ஸ் கிரெடிட்டுக்கான ஆதாரமும் போச்சு.

வேடிக்கை என்னவென்றால், தேய்மானம் மட்டும் மறக்காமல் எழுதுவார்கள். 1962-ம் ஆண்டு வருமான வரி விதிகள் சாதாரண இயந்திரங்களுக்கு 15 சதவீதமும் கம்ப்யூட்டருக்கு 40 சதவீதமும் தேய்மானம் தந்தன. இவ்வளவு வேகமாகத் தேயும் பொருள் என்று பேப்பரில் ஒப்புக்கொண்டாயிற்று. பராமரிப்புக்கு மட்டும் மாதம் அரை மணி நேரம் ஒதுக்க மனசு வராது.

"அதான் ஆட்டோமேட்டிக்கா அப்டேட் ஆகுதே?"

ஆகட்டும், நல்லதுதான். ஆனால் அதை மட்டும் நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 அப்டேட் ஒன்று சிலருடைய சொந்த ஃபைல்களையே அழித்துவிட்டது. சில நாளிலேயே மைக்ரோசாஃப்ட் அதை நிறுத்திவைத்தது. பேக்கப் வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு இழப்பு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு தானியங்கி அப்டேட் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களைப் படுக்க வைத்தது. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது கம்பெனிகள் வாங்கும் மென்பொருள், வீடுகளில் இல்லை. ஆனால் பல இடங்களில் அதைச் சரிசெய்த விதம்தான் பாடம். ஒரு ஆள் ஒவ்வொரு கம்ப்யூட்டரின் முன்னாலும் உட்கார்ந்து, சேஃப் மோடில் திறந்து, ஒரு ஃபைலைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது.

கையால் பராமரிப்பது என்றால் ஆட்டோமேட்டிக்கை அணைப்பது அல்ல. என்ன வருகிறது, எப்போது வருகிறது, வரும் முன் எதை எடுத்து வைக்க வேண்டும் என்று தெரிந்திருப்பது. அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட் அப்டேட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வருகிறது. இந்திய நேரப்படி இரவு பத்தரை, பதினொன்றரை மணி ஆகிவிடும். அந்த வார ஞாயிற்றுக்கிழமையைப் பராமரிப்பு நாளாக வைத்துக்கொள்ளலாம்.

முதலில் முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்கில் காப்பி செய்து, டிஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். (செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும்.) அப்புறம் விண்டோஸ் அப்டேட், பிரவுசர் அப்டேட். ரீஸ்டார்ட் செய்து, அப்டேட் ஹிஸ்டரியில் நிஜமாகவே ஏறியதா என்று பார்க்க வேண்டும். பயன்படுத்தாத புரோகிராம்களைத் தூக்க வேண்டும். பயாஸ் அப்டேட் என்றால் மட்டும் சார்ஜரோ யுபிஎஸ்ஸோ இல்லாமல் தொடவே கூடாது, பாதியில் கரண்ட் போனால் மதர்போர்டே எழுந்திருக்காமல் போகலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசி. இதற்கு இன்ஜினியரிங் பட்டம் தேவையில்லை. கிரைண்டரைக் கழுவித் துடைக்கத் தெரிந்த வீட்டில் இதுவும் முடியும்.

நெட் தீர்ந்துவிடும் என்பது மட்டும் நியாயமான வாதம். சில மாதங்களில் அப்டேட் ஜிபி கணக்கில் வருகிறது. மொபைல் ஹாட்ஸ்பாட் என்றால் அதை மீட்டர்டு கனெக்‌ஷன் என்று குறித்து வைத்தால் பெரும்பாலான டவுன்லோடுகள் சொல்லாமல் இறங்காது. தினசரி பேக்கில் ராத்திரி பதினோரு மணிக்கு மிச்சமிருப்பதை ரீல்ஸில் தீர்ப்பதற்குப் பதில், தேவைப்படும்போது இதற்குக் கொடுக்கலாம்.

இன்னொரு கூட்டம், "பழைய மெஷின், தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க" என்கிறது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ல் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0, குறிப்பிட்ட தலைமுறை பிராசசர் என்று நிபந்தனைகள். வசதியுள்ளவர் வாங்கட்டும். மற்றவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. வீட்டு உபயோகத்துக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் திட்டம் ஒன்று. பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு லினக்ஸுக்கு மாறுவது இன்னொன்று.

லினக்ஸ் ஒன்றும் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று பக்கத்திலுள்ள திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் ஜெயலலிதா தொடங்கி வைத்த இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. வந்த வேகத்தில் அதைத் தூக்கிவிட்டு கிராக் விண்டோஸ் போட்டுக் கொடுத்த கடைகளுக்குக் குறைவில்லை. லட்சக்கணக்கான வீடுகளுக்கு மடிக்கணினி போய்ச் சேர்ந்தது. பராமரிக்கும் பழக்கம் போய்ச் சேரவில்லை. அந்த மடிக்கணினிகளில் எத்தனையோ இன்று பரண் மேல் கிடக்கின்றன. பெரும்பாலானவற்றைக் கொன்றது வயது இல்லை, அலட்சியம்.

அடுத்த முறை கடைக்காரர் "ஃபார்மட் பண்ணிடலாமா?" என்று கேட்டால், "என்ன பிரச்சினை என்று முதலில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பார்த்துச் சொல்கிறவருக்கு, பார்த்ததற்கே தனியாகக் காசு கொடுங்கள். அப்படிப்பட்ட மெக்கானிக் ஊருக்கு நாலு பேர் இருந்தால் நல்லது.

பி.கு: விண்டோஸ் 11 பல லேப்டாப்களில் டிஸ்க்கைத் தானே என்க்ரிப்ட் செய்துவிடுகிறது. ஏதாவது சிக்கலில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும்போது முழிக்காமல் இருக்க, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் அது இருக்கிறதா என்று பார்த்து ஒரு பேப்பரில் எழுதி பீரோவில் வையுங்கள். லேப்டாப் பையில் அல்ல!