வாப்பா கொண்டு வந்த ஸ்பீக்கர்



உங்களில் பலருடைய வீட்டின் முன் ஹோலில், மூலைக்கொன்றாக இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் நிற்கக்கூடும். மேலே பின்னல் விரிப்பும் அதன்மேல் பூச்சாடியும் வைத்திருப்பீர்கள். 1977இல் நாட்டில் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பின்னரும், எமது ஆண்களும் பெண்களும் சவூதிக்கும் குவைத்துக்கும் தொழில் தேடிப் போகத் தொடங்கிய பின்னரும் வீடு வந்து சேர்ந்த சாமான்களில் கெசட் செட்டுக்குத் தனி இடம் இருந்தது. வாப்பா கொண்டு வந்ததாக இருக்கும். அல்லது உம்மாவே பிறர் வீட்டில் வேலை செய்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கி வந்ததாக இருக்கும். இன்று அது வாய் திறப்பதில்லை, திறந்தாலும் கரகரக்கிறது. மகன் கைக்கடக்கமான சிறிய ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி வந்து போனோடு இணைத்துவிட்டு, "இந்தப் பெட்டிகளைப் பழைய சாமான்காரருக்குக் கொடுங்க உம்மா" என்கிறான்.

கொடுப்பதற்கு முன்னர் ஒரு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அந்தப் பெட்டியில் கெட்டுப் போயிருப்பது அநேகமாக ஒரே ஒரு வளையம்தான். மற்றவை யாவும், அதாவது பாரமான காந்தம், இரும்புச் சட்டம், கடதாசிக் கோன், மரப்பெட்டி எல்லாம், நன்றாகவே இருக்கும். இதைத் தெரியாமல் கொடுத்துவிட்டு, பிறகு ஒருவர் அதே பெட்டியைத் திருத்தி நல்ல விலைக்கு விற்றார் என்று கேள்விப்பட்டு மனம் நொந்துகொள்ளும் குடும்பங்கள் உண்டு.

முதலில் பெட்டியின் முன்புறத் துணிச் சட்டத்தைக் கழற்றுங்கள். பெரும்பாலானவற்றில் அது நான்கு மூலைகளிலும் முளையில் பொருந்தியிருக்கும்; மெதுவாக இழுத்தால் வந்துவிடும். உள்ளே கோன் தெரியும். அதன் விளிம்பைச் சுற்றி, சட்டத்தோடு அதனை இணைத்து நிற்கும் வளையத்தைப் பாருங்கள். மூன்று வகை உண்டு. மடிப்பு மடிப்பாகத் துணியில் இருந்தால் கவலை வேண்டாம், அது பெரும்பாலும் நீண்ட காலம் உழைக்கும். மினுக்கமாக இறப்பரில் இருந்தாலும் பெரும்பாலும் பயமில்லை. ஸ்பொஞ்ச் போன்ற கறுப்பு அல்லது சாம்பல் நிற ஃபோமாக இருந்தால் விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். தார் போல ஒட்டினாலோ தூளாகக் கொட்டினாலோ நோய் எதுவென்று தெரிந்துவிட்டது. மேலே இருக்கும் சின்ன டுவீட்டரின் குமிழை மட்டும் தொடாதீர்கள். பிள்ளைகளையும் தொடவிடாதீர்கள், ஒருமுறை நசிந்தால் பழைய வடிவம் வருவது கடினம்.

இந்த ஃபோம் பொலியூரித்தேன் என்னும் பொருளால் ஆனது. காற்றின் ஈரமும் சூடும் வெளிச்சமும் அதை மெல்ல மெல்லச் சிதைக்கின்றன. பத்து முதல் இருபது ஆண்டுகளுக்குள் அநேகமானவை உதிர்ந்துவிடும். நம்முடைய கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் பத்தாண்டே பெரிது. பாவித்தால்தான் தேயும் என்று எண்ணாதீர்கள். பெட்டி பிரிக்காமல் அலுமாரிக்கு மேல் வைத்திருந்த ஸ்பீக்கரும் அதே போல உதிரும். ஆகவே "பழைய ஸ்டொக், பாவிக்கவே இல்லை, பெட்டி கூடப் பிரிக்கவில்லை" என்று யாராவது அந்தக் காலத்து ஃபோம் ஸ்பீக்கரைக் கூடுதல் விலைக்கு நீட்டினால் ஏமாறாதீர்கள். உள்ளே இருப்பதும் தூளாகத்தான் இருக்கும்.

வளையம் போய்விட்டது என்று கண்டால் செட்டைப் போடுவதை உடனே நிறுத்துங்கள். கோனின் பின்னால், காந்தத்துக்கு நடுவே மயிரிழை இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள் ஆடுகிறது. வளையம்தான் அதை நடுவில் நேராகப் பிடித்து வைக்க உதவுவது. பிடி தளர்ந்த நிலையில் சத்தமாகப் போட்டால் சுருள் பக்கத்தில் உரசி எரிந்துவிடும். வளையம் சின்னச் செலவு, சுருள் பெருஞ்செலவு.

சுருள் உயிரோடு இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். வயரைச் செட்டிலிருந்து கழற்றிவிட்டு, டோர்ச் லைட் பற்றரி ஒன்றின் இரு முனைகளையும் பெட்டியின் பின்புற முனைகளில் ஒரு கணம் மட்டும் தொட வையுங்கள். "டுக்" என்று சத்தம் வந்து கோன் அசைந்தால் உயிர் இருக்கிறது. பிறகு இரு கை விரல்களாலும் கோனைச் சமமாக, மிக மெதுவாக உள்ளே தள்ளிப் பாருங்கள். உரசும் சத்தம் கேளாவிட்டால் அரைவாசி வேலை முடிந்தது போலத்தான். மின்சாரத்தில் செருகும் அம்ப்ளிஃபயரை மட்டும் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் மின்சாரம் தேங்கி நிற்கும். அது தொழில் தெரிந்தவரின் வேலை.

இனி உதிரிப்பாகம் தேடும் விஷயத்துக்கு வருவோம். பலர் இங்கேதான் மனம் விட்டுவிடுகிறார்கள். "அந்தக் கம்பனி இப்போது இல்லை, சாமான் எங்கே கிடைக்கும்?" என்பது வழக்கமான பேச்சு. பெயர் இருக்கும் கம்பனிகளிடம் கேட்டாலும் நாற்பது வருடத்துச் சாமானை எடுத்துத் தருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. வார்ஃப்டேல் என்ற பெயர் இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் 1932இல் கில்பர்ட் பிரிக்ஸ் என்பவர் தொடங்கியது. இன்றும் அந்தப் பெயரில் ஸ்பீக்கர் வருகிறது, ஆனால் அது சீனாவில் தொழிற்சாலை நடத்தும் ஒரு குழுமத்தின் கையில் இருக்கிறது. இருந்தாலும் நமக்குச் சாதகமான ஓர் உண்மை உண்டு. இன்று நாம் காணும் கோன் ஸ்பீக்கரின் அமைப்பை அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பனியில் ரைஸ், கெலொக் என்ற இருவர் 1925இல் வெளியிட்டார்கள். அடிப்படை இன்றுவரை மாறவில்லை. எனவே ஒரு கம்பனியின் ஸ்பீக்கருக்கு இன்னொருவர் செய்த வளையம் பொருந்தும். அளவு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அளவில்தான் கடைக்காரருக்கும் நமக்கும் தகராறு வருகிறது. "எட்டு அங்குல ஸ்பீக்கருக்கு வளையம் தாங்க" என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் பொருந்தாது. எட்டு அங்குலம் என்பதை ஒருவர் இரும்புச் சட்டத்தின் வெளி விளிம்பிலிருந்து அளப்பார், இன்னொருவர் கோனை அளப்பார். "முப்பத்தாறு சைஸ்" என்று மட்டும் சொல்லிச் சட்டை தைக்கக் கொடுத்தால் என்ன ஆகும்? தையல் தெரிந்த சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அடிமட்டத்தை எடுத்து மில்லிமீற்றரில் நான்கு அளவு எடுங்கள். கோனின் குறுக்களவு ஒன்று. சட்டத்தில் பழைய வளையம் ஒட்டியிருந்த இடத்தின் வெளிக் குறுக்களவு ஒன்று, உட்குறுக்களவு ஒன்று. பழைய வளையத்தில் மிச்சம் மீதி இருந்தால், மேடாக வளைந்து நிற்கும் பகுதியின் அகலம் ஒன்று. அத்தோடு வளையம் கோனின் முன்பக்கம் ஒட்டியிருந்ததா, பின்பக்கமா என்றும், ஒட்டும் விளிம்பு மட்டமா, சரிவா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வெள்ளைக் கடதாசியைச் சட்டத்தின்மேல் வைத்துப் பென்சிலால் உரசிப் படியெடுத்தால் இன்னும் நல்லது. பிளவுஸ் வெட்டும் மாதிரித் தாள் போல அதைக் கையோடு கொண்டு போகலாம்.

பெட்டியின் பின்புறத் தகட்டில் உள்ள மொடல் இலக்கத்தையும் எழுதுங்கள். ஸ்பீக்கரைக் கழற்ற முடிந்தால் காந்தத்தின் முதுகில் அச்சிட்டிருக்கும் இலக்கம் அதைவிடப் பெறுமதியானது. வெளிநாட்டு வியாபாரிகள் அந்த இலக்கத்தை வைத்தே வளையங்களைச் சோடியாக விற்கிறார்கள். இன்டர்நெட்டில் தேடும் வேலையை மகனிடமோ மகளிடமோ கொடுங்கள். பெட்டியைக் கொடுத்துவிடச் சொன்ன அதே மகன் இலக்கம் பொருந்திவிட்டதென்று கண்டதும் எவ்வளவு உற்சாகமாகிறான் என்று பாருங்கள்! கொழும்பு போகிறவர்கள் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் விசாரிக்கலாம். சென்னைக்கு வியாபாரம், வைத்தியம் என்று போய்வருவோர் நம்மில் அநேகர். அங்கே ரிச்சி தெரு இத்தகைய சாமான்களுக்குப் பேர் பெற்றது. வளையம் காற்றுப் போல இலேசானது, பயணப் பையில் இடமே பிடிக்காது. ஃபோம் இருந்த இடத்துக்கு ஃபோமே கேளுங்கள். "இறப்பர் போட்டால் உக்காது" என்று கடைக்காரர் சொல்வது உண்மைதான். ஆனால் அது பாரம் கூடியது, கோனின் அசைவை மாற்றிவிடும். ஆழ்ந்த ஓசை பழையபடி வராது.

எனக்குத் தெரிந்த ஒரு ராத்தா, தன் உம்மா குவைத்திலிருந்து கொண்டு வந்த பெட்டிகளை ஊரிலுள்ள திருத்தும் கடைக்குக் கொண்டு போனார். கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது இனிச் சரிவராது. வெச்சிட்டுப் போங்க, ரெண்டுக்கும் புதுசு போட்டுத் தாறேன்" என்றாராம். ராத்தா, "போடுங்க நானா, ஆனா கழட்டுற பழசையும் என்ட கையிலேயே தந்திடணும்" என்றார். உடனே பேச்சு மாறிவிட்டது. பழசைத் தருவதானால் விலை வேறாம்! ராத்தா பெட்டிகளைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கடைக்காரரைத் திருடர் என்று நான் சொல்ல வரவில்லை, அவருக்கும் தொழில். ஆனால் எந்தச் சாமானைத் திருத்தக் கொடுத்தாலும் கழற்றியதைத் திருப்பிக் கேட்பது நம் உரிமை. "வீட்டில் ஆம்பிளை யாராவது வரச் சொல்லுங்க" என்பார்கள். அளவு எழுதிய தாளைக் காட்டுங்கள், அந்தப் பேச்சு அதோடு நின்றுவிடும்.

"புதுசு போட்டுத் தாறேன்" என்பதில் இன்னொரு சங்கடம் உண்டு. போடுவது பல இடங்களில் வாகனத்துக்கென்று செய்த ஸ்பீக்கர். அது வழக்கமாக 4 ஓம். உங்கள் பழைய பெட்டி 8 ஓமாக இருந்தால், பழைய அம்ப்ளிஃபயர் அந்தச் சுமையில் சூடேறி அதுவும் கெட வாய்ப்புண்டு. பெட்டியின் உள்ளளவும் பழைய ஸ்பீக்கருக்கென்று கணக்குப் பார்த்துச் செய்தது. ஓட்டை பொருந்தினால் போதாது.

சுருள் எரிந்தோ கோன் கிழிந்தோ இருந்தால் அதே மொடலில் பழுதான இன்னொரு பெட்டியைத் தேடுங்கள். ஒன்றில் டுவீட்டர் போயிருக்கும், மற்றதில் வூஃபர் போயிருக்கும்; இரண்டு பழுதைச் சேர்த்தால் ஒரு நல்லது. அதனால்தான் பழுதான பெட்டியின் துணிச் சட்டத்தையும் பெயர்த் தகட்டையும்கூட வீசாதீர்கள் என்கிறேன். உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களும் வயதானால் பெறுமதி மாறிவிடும். மாற்றுவதானால் மேலே எழுதியிருக்கும் அதே மைக்ரோஃபரட் அளவில், பைபோலர் என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் கழித்தல் குறி போட்ட சாதாரண வகை இதற்கு ஆகாது. உள்ளே கண்ணாடிப் பஞ்சு அடைத்திருந்தால் கையுறை இல்லாமல் தொட வேண்டாம், கை அரிக்கும்.

எல்லாப் பெட்டிக்கும் இந்தப் பாடு தேவையில்லை. வெள்ளத்தில் ஊறி மரத்தூள் பலகை பொருமியிருந்தாலோ கறையான் தின்றிருந்தாலோ விட்டுவிடுங்கள். பெட்டியைத் தூக்கினால் வெறும் தகரம் போல இலேசாக இருந்தாலும், பின்பலகை கடதாசி மட்டை போல இருந்தாலும் செலவழிக்கும் காசுக்கு ஓசை கிடைக்காது. மனதுக்கு நெருங்கிய பொருளென்றால் அது வேறு கணக்கு, அதை நீங்கள்தான் போட வேண்டும்.

ஒட்டும் வேலையை நிதானமான கை உள்ள எவரும் செய்யலாம். பழைய பசையும் தூளும் முழுவதும் போகச் சுரண்ட வேண்டும், இதற்கே ஒரு பொழுது பிடிக்கும். மரவேலைக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசை போதும். நொடியில் இறுகும் பசை வேண்டாம், நடுவைச் சரிபார்க்க அது நேரம் தராது. முதலில் வளையத்தைக் கோனோடு ஒட்டிக் காயவிடுங்கள். மறுநாள் சட்டத்தோடு ஒட்டும்போது, கோனை விரல்களால் மேலும் கீழும் அசைத்து, உரசல் இல்லாத நடுவைக் கண்டுபிடித்து அங்கே நிறுத்துங்கள். திருத்துபவர்கள் நடுமூடியை வெட்டி எடுத்துவிட்டு, சுருளைச் சுற்றிப் பழைய கெமரா ஃபிலிம் துண்டுகளைச் செருகி நடுவைப் பிடிப்பதும் உண்டு. 24 மணித்தியாலம் காயட்டும். ஒரு பெட்டியில் மட்டும் உதிர்ந்திருந்தாலும் இரண்டுக்கும் சேர்த்தே மாற்றுங்கள். மற்றதும் அதே வயதுடையதுதானே.

முதல் சில நாட்கள் சத்தத்தைக் குறைத்தே போடுங்கள். ஜன்னல் வெயில் படாத இடத்தில், குசினிப் புகைக்குத் தள்ளி வையுங்கள். எடுத்த அளவுகளையும், வாங்கிய வளையத்தின் இலக்கத்தையும், மாற்றிய திகதியையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிப் பெட்டியின் பின்பலகையில் ஒட்டிவிடுங்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் இந்த வளையமும் உதிரும். அப்போது தேடப் போவது உங்கள் மகளாகவும் இருக்கலாம்.