நடைக்கும் ஒரு கணக்கு



சென்ற ஆண்டு மாசி மாதக் கூட்டம் முடிந்து நாங்கள் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு அக்கா என்னை ஓரமாக அழைத்தார். தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லியிருப்பதால் இங்கே எழுதவில்லை. ஊரில் எல்லோருக்கும் அவர் இடியப்ப அக்கா. விடிய நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து, இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். வயது 48.

"மிஸ், மூண்டு மாசமா வாய்க்கால் கரையால நடக்கிறன். நாய்க்கும் பயம், சனத்தின்ர கதைக்கும் பயம். அப்பிடி நடந்தும் ஒரு கிலோ கூடிப்போச்செண்டு கிளினிக்கில சொல்லுகினம். நடக்கிறனெண்டு சொல்ல அந்தப் பிள்ளை சிரிச்சிட்டுது. நான் பொய் சொல்லுறன் எண்டு நினைச்சிருக்கும்."

அவர் பொய் சொல்லவில்லை. காலையில் அவர் நடந்து போவதை நானே கண்டிருக்கிறேன். அவருக்கு பிரஷர் இருந்தது, சீனி விளிம்பில் நின்றது, முழங்கால் நோவும் இருந்தது. நிறையைக் குறைக்கச் சொல்லி டொக்டர் எழுதியிருந்தார். எப்படிக் குறைப்பது என்று விளக்க, நூறு பேர் வரிசையில் நிற்கும் கிளினிக்கில் யாருக்கு நேரம்? "சாப்பாட்டைக் குறையுங்கோ, நடவுங்கோ" என்றதோடு அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

அன்று அவரது கையில் எங்கள் சங்கக் கடனுக்காக எழுதும் கணக்குப் புத்தகம் இருந்தது. விற்ற காசு ஒரு பக்கம், அரிசிமா, தேங்காய், விறகு, பார்சல் தாள் மறு பக்கம், கழித்து வருவது கீழே. அந்தக் கடைசி வரிக்கு என்ன பெயர் என்று கேட்டேன். "தேறிய வருமானம்" என்றார் உடனே. கைக்கு வந்த காசெல்லாம் இலாபம் இல்லை என்று அவருக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. உடம்பிலும் அப்படி ஒரு வரி உண்டு. தின்றது, குடித்தது எல்லாம் வரவு. நடை, கிணற்றில் தண்ணீர் அள்ளுதல் போன்ற உழைப்பு செலவு. வரவிலிருந்து அந்தச் செலவைக் கழித்து மிஞ்சுவதைத் தேறிய கலோரி என்கிறார்கள். கலோரி என்பது உணவு தரும் சக்தியை அளக்கும் அலகு, அரிசியைக் கிலோவில் அளப்பதுபோல.

பாயை மறுபடி விரித்து, அதே புத்தகத்தின் பின்பக்கத்தில் இருவரும் கணக்குப் போட்டோம். அவருக்கு நடக்கத் தொடங்கும்போது 71 கிலோ. 40 நிமிடம் ஓரளவு விறுவிறுப்பாக நடந்தால் ஏறத்தாழ 165 கலோரி செலவாகும். ஆனால் அந்த 165உம் நடையின் செலவல்ல. அந்த 40 நிமிடமும் அவர் திண்ணையில் சும்மா இருந்திருந்தாலும் மூச்சு விடவும் இதயம் அடிக்கவும் 45, 50 கலோரி போயிருக்கும். ஒரு மின்குமிழும் போடாவிட்டாலும் கறன்ட் பில்லில் நிலையான கட்டணம் வருகிறதல்லவா, அதுபோல. அதைக் கழித்தால் நடையால் மேலதிகமாகச் செலவானது 120க்குள்தான். கைபேசியில் நடையை எண்ணும் செயலிகள் பல இந்தக் கழிவைச் செய்யாமல் முழுத்தொகையையும் காட்டும். சில வேளை அதையும் கூட்டிக் காட்டும். அதை நம்பி "இண்டைக்கு முந்நூறு எரிச்சிட்டன்" என்று சொல்லும் தங்கைமார் கவனிக்க வேண்டும்.

"நடந்து முடிய என்னக்கா செய்வீங்கள்?" என்று கேட்டேன். கொஞ்சம் வெட்கப்பட்டார். முன்பு காலையில் தேத்தண்ணி மட்டும்தானாம். நடக்கத் தொடங்கிய பின் பசிக்கிறது, களைக்கிறது. நடந்தனான்தானே என்ற தைரியத்தில் சந்திக் கடையில் ஒரு பணிஸும் சாப்பிடுவாராம். ஒரு பணிஸில் 200 கலோரி அளவில் இருக்கும். நடையால் போனது 120, பணிஸால் வந்தது 200. நாளுக்கு 80 மிச்சம். மூன்று மாதத்துக்கு 7200. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7700 கலோரியின் சேமிப்பு. கிளினிக் தராசு காட்டிய அந்த ஒரு கிலோ அதுதான். உடம்பு எப்போதும் இவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைக்காது. தண்ணீர், மலச்சிக்கல், மாதவிடாய் எல்லாம் தராசில் ஒன்றிரண்டு கிலோவை ஏற்றி இறக்கும். ஆனாலும் அன்று கடைசி வரியைப் பார்த்த அக்காவின் முகத்தில் ஒரு நிம்மதி. தான் ஏமாற்றவில்லை என்று எழுத்தில் வந்துவிட்டதே.

பிறகுதான் தேத்தண்ணிக்கு வந்தோம். நாளுக்கு ஐந்து தரம், தரத்துக்கு மூன்று கரண்டி சீனி. பதினைந்து கரண்டி என்றால் ஏறத்தாழ 250 கலோரி. நடையைப் போல இரண்டு மடங்கு! சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி கடித்தால் பரவாயில்லையா என்று கேட்டார். பனங்கட்டியிலும் கலோரி ஏறத்தாழ அவ்வளவுதான், இரத்தத்தில் சீனியையும் ஏற்றும். எனக்கும் அது பிடித்த பண்டம், அதனால் சொல்லக் கவலையாக இருந்தது.

அன்று முடிவு செய்தது இவ்வளவுதான். தேத்தண்ணிக்கு ஒரு கரண்டி சீனி. பணிஸ் இல்லை, நடந்து வந்து தண்ணீர் குடித்துவிட்டு, வழக்கமான காலைச் சாப்பாட்டை அரைமணி முந்திச் சாப்பிடுவது. நடையை விடுவதில்லை. சீனியில் 165, பணிஸில் 200. இரண்டும் சேர்ந்தால் 365. சோற்றில் நாங்கள் கைவைக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

சாப்பாட்டைக் குறை என்ற சொல் எங்களில் பலருக்கு வேறு மாதிரிக் கேட்கும். 2009இல் முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் நாங்கள். நானும் நின்றேன். அதன்பின் முட்கம்பிக்குள் நிவாரணமாக வந்தது அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. மாவை ரொட்டியாகச் சுட்டு, சீனியைப் போட்டுத் தேத்தண்ணி குடித்து எழும்பிய உடம்புகள் இவை. போரினால் பட்டினி கிடந்தவர்களுக்கு எப்படி உணவூட்டுவது என்று அறிவதற்காக 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பவர் ஒரு ஆய்வு செய்தார். தாமாக முன்வந்த 36 ஆண்கள் 24 வாரங்கள் அரைப்பட்டினி கிடந்து நிறையில் ஏறத்தாழ காற்பங்கை இழந்தார்கள். பட்டினி முடிந்து வேண்டிய உணவு கிடைத்தபோதும் பலருக்குப் பசி அடங்கவில்லை. இழந்ததற்கும் மேலாகக் கொழுப்பு ஏறிய பின்னரே அடங்கியது. அவர்கள் ஆறு மாதத்துக்கு அப்படி இருந்தவர்கள், அதுவும் குண்டு விழாத இடத்தில். ஆகவே இரவில் சட்டியைத் துடைத்துச் சாப்பிடும் ஒரு பெண்ணை வாய்க்கட்டுப்பாடு இல்லாதவள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இடியப்ப அக்காவின் உண்மையான சிக்கலும் அங்கேதான் இருந்தது. இரண்டு கிழமை கழித்து வீட்டுக்குப் போனபோது அதைச் சொன்னார். விற்காமல் திரும்பிவரும் இடியப்பத்தை அவரால் எறிய முடியாது. மகளுக்கு அப்போது நாலு வயது. கஞ்சி கையில் கிடைக்கும்போது செல் வந்து விழ, ஊற்றுப்பட்டதை மண்ணோடு அள்ளியதைச் சொன்னார். "அதுக்குப் பிறகு எறியிறதெண்டா கை வராது மிஸ். பசிச்சுத் தின்னுறதில்லை. கிடக்குதே எண்டு தின்னுறது." இரவு பத்து மணிக்கு, மிஞ்சிய சொதியோடு, ஆறு ஏழு இடியப்பம். அது கணக்குப் புத்தகத்தில் வரவேயில்லை, ஏனென்றால் அதை அவர் சாப்பாடு என்றே நினைக்கவில்லை.

இதற்கு எனது சமூகவியல் பட்டத்தில் பதில் இருக்கவில்லை. பதிலைச் சொன்னவர் பக்கத்து வீட்டு ஆச்சி. "கோழிக்குப் போடன் பிள்ளை. எறிஞ்சதாகாது, முட்டையா வரும்." இப்போது அக்காவிடம் ஏழு கோழிகள் நிற்கின்றன. முட்டைக்காசு தனிப்பக்கத்தில் எழுதப்படுகிறது.

மார்கழியில் அவருக்கு 67 கிலோ. பத்து மாதத்தில் ஐந்து கிலோ. தாளில் போட்ட கணக்கின்படி அதைவிடக் கூடுதலாகக் குறைந்திருக்க வேண்டும், ஆனால் அப்படி நடப்பதில்லை. நிறை குறையக் குறைய உடம்பு நடத்தும் செலவும் குறையும்; பாரம் குறைந்த வண்டிக்கு எண்ணெய் குறைவாகப் போவதுபோல. நடந்த களைப்பில் மற்ற நேரம் கூட இருந்துவிடுவோம். கலியாணவீடு, திருவிழா வரும். ஆவணியிலும் புரட்டாதியிலும் அவருக்கு நூறு கிராமும் இறங்கவில்லை. ஆனால் பிரஷர் இறங்கியிருந்தது, முழங்கால் நோவும் குறைந்திருந்தது. நிறை அசையாத மாதத்திலும் நடை இதயத்துக்கும் சீனிக்கும் நித்திரைக்கும் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். அதனால் தராசைப் பார்த்துக் கோபித்து நடையை நிறுத்த வேண்டாம்.

இதே கணக்கை மறுபக்கம் பிழையாகப் போட்ட ஒரு தங்கையையும் சொல்ல வேண்டும். ஆடைத் தொழிற்சாலையில் வேலை. வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் படம் அனுப்ப வேண்டும் என்று வீட்டில் அவசரம். நாளுக்கு 900 கலோரி சாப்பிட்டு, கைபேசியைப் பார்த்துத் துள்ளி 300ஐச் செலவழித்தாள். தேறியது 600. ஒன்றும் செய்யாமல் படுத்திருந்தாலே அவளுடைய உடம்புக்கு அதைப்போல இரு மடங்கு வேண்டும். இரண்டு மாதம் மாதவிடாய் வரவில்லை, தலைமயிர் கொட்டியது, ஒருநாள் மெஷினில் மயங்கி விழுந்தாள். மூத்தவர்கள் அதைப் பேய்க்குணம் என்று நூல் கட்டினார்கள். அவளுக்குத் தேவைப்பட்டது மதியச் சோறு. டொக்டரின் கண்காணிப்பு இல்லாமல் ஒரு பெண் நாளுக்கு 1200 கலோரிக்குக் கீழே இறங்கக்கூடாது. உடலுழைப்புச் செய்பவர்களுக்கு அதுவும் போதாது. நடையும் வேலையும் கூடிய நாளில் கொஞ்சம் கூடச் சாப்பிடுவது பிழையல்ல. நடந்ததற்குச் சம்பளமாகச் சாப்பிடுவதுதான் கணக்கைக் குழப்பும்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இந்தக் கணக்கைத் தொட வேண்டாம். நீரிழிவுக்குக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு நடந்தால் சீனி திடீரென இறங்கி மயக்கம் வரும். கிளினிக்கில் கேட்டே மாற்ற வேண்டும்.

செயற்கைக்கால் போட்டிருக்கும் ஒரு தோழி, கிளினிக் அட்டவணையில் தன் நிறை சரி என்று வருகிறது, பிறகேன் வயிறு பெருக்கிறது என்று எழுதிக் கேட்டிருந்தார். அந்த அட்டவணை இரண்டு காலும் உள்ளவர்களுக்காகப் போடப்பட்டது. ஒரு முழுக்கால் உடல் நிறையில் ஏறத்தாழ 16 சதவீதம், முழங்காலுக்குக் கீழே மட்டும் என்றால் 6 சதவீதம். அதைச் சேர்த்துப் பார்க்காவிட்டால் நிறை குறைவாகத் தெரியும். நீங்கள் இடுப்பை நாடாவால் அளவுங்கள் தோழி. எங்கள் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். உங்கள் நடையை மற்றவர்களின் நடையோடு ஒப்பிட வேண்டாம். செயற்கைக்காலோடு அதே தூரத்தை நடக்கக் கூடுதல் சக்தி போகும், முழங்காலுக்கு மேலே இழந்தவர்களுக்கு இன்னும் கூட. கால் கழற்றிய நாளில் கதிரையில் இருந்தபடி இரண்டு தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி இறக்குங்கள். தண்டு உராய்ந்து புண்ணானால் நடையை நிறுத்திவிட்டு, கால் செய்து தந்த இடத்தில் காட்டுங்கள். நிறை கூடினாலும் குறைந்தாலும் அந்தக் குவளை பொருந்தாமல் போகும், அதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வருபவர்கள் ஒரு நாள் குடித்த தேத்தண்ணியையும் சீனிக் கரண்டியையும் எழுதிக்கொண்டு வாருங்கள். நானும் என்னுடையதைக் கொண்டு வருகிறேன். பனங்கட்டி தனி வரியில்.