ஊசியோடு கொஞ்சம் பாடமும் கொடுங்கள்

மருத்துவர் சீட்டில் ‘இன்சுலின்’ என்று எழுதிய அன்றே பல வீடுகளில் முகங்கள் தொங்கிவிடும். “ஊசி வரைக்கும் வந்துடுச்சா?” என்று சொந்தக்காரர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். “இப்படியே சாப்பிட்டீங்கன்னா ஊசிதான்” என்று மாத்திரைக்காரர்களை மிரட்டும் மருத்துவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பூச்சாண்டி காட்டிய பொருளையே பிறகு மருந்தென்று நீட்டினால் யார் மனமுவந்து வாங்குவார்?

1922 ஜனவரியில் டொரான்டோவில் 14 வயது லியோனார்ட் தாம்சனுக்கு இன்சுலின் ஏற்றப்பட்டது. அதற்கு முன்பு டைப் 1 சர்க்கரை வந்த பிள்ளைகளை அரைப் பட்டினியில் வைத்துத்தான் கொஞ்ச காலம் உயிரை இழுத்துப் பிடித்தார்கள். இன்சுலின் ஒரு புரதம். விழுங்கினால் வயிறு செரித்துவிடும். அதனால்தான் ஊசி. கண்ணாடி சிரிஞ்சை வெந்நீரில் கொதிக்கவைத்த காலமும் போய், பேனாவில் 4 மில்லிமீட்டர் ஊசி வந்தாயிற்று. குத்தும் வலி சில நாளில் பழகிவிடுகிறது.

பழகாதது கணக்குதான். நம் ஊரில் இன்சுலின் புட்டி இரண்டு வீரியத்தில் வருகிறது: ஒரு மில்லியில் 40 யூனிட், ஒரு மில்லியில் 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை. 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. அவசரத்தில், மங்கிய கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். 100 யூனிட் புட்டியிலிருந்து 40 சிரிஞ்சில் 20-ஆம் கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 20 அல்ல, 50 யூனிட். சர்க்கரை தடாலடியாக இறங்கி ஆளே மயங்கிவிழலாம். இவ்வளவு ஆபத்தான கணக்கைப் பல இடங்களில் மருந்துக்கடைப் பையன்தான் சொல்லித்தருகிறார், அதுவும் மீதிச் சில்லறையை எண்ணிக்கொண்டே.

இன்னொரு கூத்து. ஒரே இடத்தில் தொடர்ந்து குத்தினால் தோலுக்கடியில் கொழுப்புக் கட்டி சேரும். அங்கே வலி குறைவு என்பதால் மறுபடியும் அங்கேயே குத்தத் தோன்றும். கட்டிக்குள் போன மருந்தோ சீராக ரத்தத்தில் சேராது. சர்க்கரை ஏறும், மருத்துவர் அளவைக் கூட்டுவார். சட்டையைத் தூக்கச் சொல்லி வயிற்றைத் தடவிப் பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும்.

கல்யாண மண்டபம் தனிக் கதை. சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பு போடும் ஊசியை, யாரும் பார்த்துவிடக் கூடாதென்று கழிவறைக்குள் நின்று போட்டுக்கொண்டு வருகிறார் ஒரு பெரியவர். முதல் பந்தி நிறைந்துவிட்டது. அடுத்த பந்திக்கு முக்கால் மணி நேரம். கை நடுங்குகிறது, சட்டை வேர்வையில் நனைகிறது. சட்டைப்பையில் குளுக்கோஸ் வைத்திருக்கச் சொல்லி யாராவது கற்றுக்கொடுத்திருந்தால் தப்பிப்பார். இல்லையென்றால் “பெரியவருக்கு வெயில் ஒத்துக்கல” என்று விசிறிவிடுவார்கள்.

போட்டு முடித்த ஊசி எங்கே போகிறது? பெரும்பாலும் குப்பைத்தொட்டிக்கு, அங்கிருந்து தூய்மைப் பணியாளரின் கைக்கு. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே வீட்டு ஊசிகளை அபாயக் கழிவில் சேர்த்தன. கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்துவைத்துத் தனியே கொடுக்க வேண்டும் என்பதை எத்தனை வீடுகளில் யார் சொன்னார்கள்?

2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். அவர்களில் ஊசிக்கு மாறுகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள் அரைமணி நேரம், ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை, ஒரு செவிலியர் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையோடு வீட்டு வாசல் வரை போகிறது. இந்தப் பாடத்தையும் அதோடு அனுப்பலாம். பெரிய செலவில்லை.

அதுவரை, வீட்டில் யாராவது ஊசி போட்டுக்கொள்பவர் இருந்தால், இன்றே அந்தப் புட்டியையும் சிரிஞ்சையும் கையில் எடுங்கள். இரண்டிலும் ஒரே எண்தானா என்று பாருங்கள்.