நிறுப்பவர் யார்?



சென்ற மாதம் பள்ளி விட்ட நேரம். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார் வந்து கேட்டார்: "சார், டவுன் ஆஸ்பத்திரியில எல்லா லைட்டையும் மாத்துறாங்க. கவர்மெண்டு ஒரு காசும் கொடுக்கலையாம், கம்பெனிக்காரனே செலவு பண்றானாம். நெசமா? அவனுக்கு என்ன லாபம்?"

நிஜந்தான். நம் நாட்டில் அரசாங்கக் கட்டடங்களுக்கு 2013 முதல் இப்படி ஒரு முறை இருக்கிறது. கம்பெனி தன் பணத்தைப் போட்டு விளக்கு, குளிர்சாதனம் எல்லாம் மாற்றும். மாதம் 10,000 வெள்ளி வந்த பில் 7,000 ஆகக் குறைந்தால், மிச்சமான 3,000-இல் பேசிய பங்கை ஒப்பந்தக் காலம் முடியும்வரை எடுத்துக்கொள்ளும். மிச்சம் இல்லையேல் பங்கும் இல்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 3,000 மிச்சம் என்று சொல்வது யார்? பல இடங்களில் அந்தக் கம்பெனியேதான்.

பால் மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஸ்டோரில் வாளியைத் தூக்கி வைத்ததும் நம் கண் தராசு முள்ளின் மேல்தான் போகும். கிராணி புத்தகத்தில் எழுதுவதையும் எட்டிப் பார்ப்போம். இங்கேயோ தராசே கிடையாது. செலவாகாத மின்சாரத்தை எந்த மீட்டரும் காட்டாது. பழைய பில்லோடு ஒப்பிட்டுக் கணக்குத்தான் போட வேண்டும். ஒரு வார்டைப் பூட்டினாலும் பில் குறையும். அது கம்பெனியின் சாமர்த்தியமா?

அமெரிக்காவில் இம்முறை வெகுகாலமாக உண்டு. 2015-இல் அந்நாட்டு அரசாங்கக் கணக்காய்வு அலுவலகம் 20 திட்டங்களை எடுத்துப் பார்த்தது. 14 திட்டங்களில் மிச்சம் கூடுதலாக எழுதப்பட்டிருந்தது! சாதனத்தைக் கழற்றிய பின்பும், கட்டடத்தை மூடிய பின்பும், எல்லாம் பழையபடி ஓடுவதாக வைத்துக் கணக்கு. வேலைக்கு வராதவனுக்குச் செக்ரோலில் பேர் போட்டதுபோல. இதைத் திருட்டு என்றும் சொல்ல முடியாது. ஒப்பந்தமே இடம் கொடுத்திருந்தது. எவ்வளவு மிச்சம் கைக்கு வரவில்லை என்பது சில அலுவலகங்களுக்கே தெரியவில்லை. எனக்கு அதுதான் பெரிய கவலை.

நம் நாட்டில் 2025 ஜனவரி 1 முதல் புதிய எரிசக்திச் சேமிப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. எரிசக்தியை மிக அதிகமாகப் பயன்படுத்துவோர் பதிவு பெற்ற எரிசக்தி நிர்வாகியை நியமிக்க வேண்டும். தணிக்கையும் செய்ய வேண்டும். நல்லதே.

"விளக்கு மாற்றுமுன் வந்த ஒரு வருடத்துப் பில்கள் ஆஸ்பத்திரியின் கையிலும் இருக்க வேண்டும் அம்மா. எந்த வார்டு எப்போது பூட்டியது, எந்த மெஷின் புதிதாக வந்தது என்று ஆஸ்பத்திரிக்காரரே தேதியோடு எழுதி வைக்க வேண்டும்" என்றேன்.

"அதுக்கு ஒரு ஆளப் போட்டிருக்காங்களா சார்? அடுத்த வாரம் மருந்து வாங்கப் போறப்ப கேட்கிறேன்" என்றார். அதற்குள் வேன்காரர் ஹாரன் அடித்துவிட்டார்.