மானுக்குக் கொடுக்கும் றோல்ஸ்

கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டியதும் புள்ளிமான்கள் நிற்கும். கடந்த வெள்ளிக்கிழமை அங்கே ஒரு தாய் மகனின் கையில் பாதி றோல்ஸைக் கொடுத்து, "பசியோட நிக்குது தம்பி, குடுங்கோ" என்றார். முல்லைத்தீவிலிருந்து வந்திருந்தார்கள். பசி என்னவென்று அறிந்த குடும்பம். தடுக்க எனக்கு வாய் வரவில்லை. மான் புல்லை விட்டுவிட்டு வந்து வாங்கித் தின்றது.

எண்ணெய்த் தீனி வயிற்றை மட்டும்தான் கெடுக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். 2009இல் பிரித்தானியாவில் அன்ட்ரூ மரேயின் குழு, எலிகளின் உணவில் கொழுப்பிலிருந்து வரும் கலோரியை 7.5 வீதத்திலிருந்து 55 வீதமாக உயர்த்தியது. 9 நாட்களில் அவை ஓடும் தூரம் மற்ற எலிகள் ஓடியதில் பாதியாகிவிட்டது. இரை தேடும் சிக்கலான பாதையிலும் விரைவாகவே பிழைவிட்டன. 2014இல் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் கொழுப்பும் சீனியும் மிகுந்த தீனி கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே வாரத்தில் மாற்றம் தெரிந்தது. பார்த்த பொருள் எலிக்கு நினைவிருந்தது; அது எந்த இடத்தில் இருந்தது என்பது மறந்துபோனது. இட நினைவைப் பேணும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதியில் அழற்சியும் காணப்பட்டது.

எலி வேறு, மான் வேறு. மான் அசைபோடும் பிராணி. அதன் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள்தான் புல்லின் நாரைச் செரிக்கின்றன. எண்ணெய் கூடினால் அவை அடங்கிவிடும். கோதுமை மா கூடினால் இரைப்பை புளித்துப்போகும். மனிதரைத் தேடி வருவதற்குக் கொழுப்புக்கூடத் தேவையில்லை. நாலு தடவை கையில் தீனி கிடைத்தால் போதும், பழகிவிடும். பழகிய மான் பேருந்து நிலையம் வரை வருகிறது. எண்ணெய் மணக்கும் லஞ்ச் சீற்றையும் சேர்த்து விழுங்குகிறது. இதே கிழக்கில், அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்ற யானைகள், 2022 ஜனவரியில் வந்த செய்திகளின்படி, எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 இறந்திருந்தன.

முகாம் வரிசையில் மாவும் சீனியும் எண்ணெயும் வாங்கித் தின்றவர்கள் நாங்கள். கிடைத்ததைத் தின்பதைக் குற்றமென்று யாரிடமும் சொல்ல மாட்டேன், மானிடமும். அந்தத் தாயிடமும் குற்றமில்லை. கொடுக்கத்தான் வேண்டுமென்றால் குழையை முறித்துக் கொடுக்கலாம். குப்பைத் தொட்டிகளுக்கு மூடி போடுவது உள்ளூராட்சியின் வேலை. அதை வாக்குக் கேட்டு வருபவர்களிடம் கேட்க வேண்டும்.