மரம் வெட்டும் மலையில் அரைப்பேரா?

கொழுந்து மலையில் மரம் வெட்டும்போது, மெஷின் வாளின் இரைச்சலில் எந்த மொழியில் கூவினாலும் கேட்காது. விசிலும் கைச்சைகையும் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும் என்கிறோம். மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வெட்டுபவர்களைத் தவிர யாரும் நிற்கக் கூடாது. சரிவில் கட்டை உருளும். கீழ் நிரைகளில் ஒருவரும் இருக்கவே கூடாது. கங்காணி ஆளெண்ணிக் கை காட்டிய பிறகே வாள் மரத்தில் படவேண்டும்.

இதெல்லாம் நம் பெண்களுக்குத் தெரியாததல்ல. ஒதுங்கினால் கிலோ குறையும், அரைப்பேர் விழும் என்ற பயத்தில்தான் நிரையை விடாமல் நிற்கிறார்கள். ஒதுங்கி நின்ற நேரத்தையும் சேர்த்து முழுப்பேர் போட வேண்டும். இதை நிர்வாகங்களிடம் எழுத்தில் கேட்கிறோம். தோட்டத் தலைவர்மார் அடுத்த மரவெட்டுக்கு முன்பே பதிலையும் எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.